பொன்னிறம் போதும்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போனில் பாதிதான் சொன்னேன், மீதியை ஆற அமர எழுதுகிறேன். நம் உருளைக்கிழங்கு வறுவலை வாங்கும் பள்ளிக்கூட கேண்டீன்காரர், ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் இனி ஒரு பொட்டலமும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அது போனால் கடையே படுத்துவிடும், உனக்குத் தெரியாததா. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஆய்வகத்துக்குக் கொண்டுபோக, அழகுப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி, செக்கச்செவேலென்று முறுகியதாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டினார். நானும் கூட உட்கார்ந்து பொறுக்கினேன், பொய் சொல்வானேன்.

சோதிக்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டாள். வறுவலைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, ஒரே ஒரு சொட்டை இயந்திரத்துக்குக் கொடுத்தாள். திரையில் தட்டையாக ஓடிய கோடு திடீரென்று கூராக எழும்பியது. அதுதானாம். அக்ரிலமைடு என்று பெயர், மூன்று தடவை சொல்லிப் பார்த்தும் என் வாயில் நுழையவில்லை. ஒரு லாரி வறுவலில் ஒரு கரண்டி கலந்திருந்தாலும் இந்த இயந்திரத்துக்குத் தெரிந்துவிடுமாம். மணம் கிடையாது, ருசி கிடையாது. கிழங்கிலும் இல்லை, எண்ணெயிலும் இல்லை, கிழங்கின் சர்க்கரையும் இன்னொரு சத்தும் சூட்டில் சேர்ந்து நம் வாணலியிலேயே பிறக்கிறதாம். புற்றுநோய் வரக்கூடும் என்று பயப்படுகிறார்களாம். இத்தனை வருஷமாக என் கரண்டிக்கடியில் பிறந்ததை நான் பார்த்ததே இல்லை, அந்தப் பெண் ஒரு சொட்டில் பார்த்துவிட்டாள்.

அளவு தாண்டிவிட்டது. ‘செவந்ததாப் பொறுக்கிக் கொண்டு வந்தீங்களாய்யா? செவக்கச் செவக்கத்தான் இது கூடும்’ என்றாள். வெளியே வந்ததும் அப்பா, ‘பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க திங்கிறதுடி’ என்றார், அவ்வளவுதான்.

அவள் சொன்னபடியே கிழங்கைக் குளிர்பெட்டியில் வைப்பதை விட்டோம், குளிரில் சர்க்கரை கூடிவிடுமாம். சீவியதைத் தண்ணீரில் ஊறவைத்து, தீயைக் குறைத்து, பொன்னிறத்திலேயே எடுத்தோம். காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கெடக்கு என்று அப்பா முணுமுணுத்தார். இந்தத் தடவை பொறுக்காமல் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போனோம். திரையில் சின்ன மேடுதான் எழுந்தது, தேறிவிட்டோம். அப்படியும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. ‘உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களாம்மா?’ என்று கேட்டுவிட்டார். உள்ளே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொன்னவள், வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு எங்களோடு வாசல் கேட்டுக்கே வந்தாள். கையை நீட்டி, ‘எனக்கு ஒண்ணு, எம் பொண்ணுக்கு ஒண்ணு’ என்றாள். பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க உன் அப்பாவுக்குக் கை ஓடவில்லை. நான்தான் அவர் கையிலிருந்து பையை வாங்கி, இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே நீ எதை வறுத்தாலும் பொன்னிறத்தோடு நிறுத்து. நோய்நொடி அண்டாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனை எடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா