மைனருக்கு மூத்திரம் வந்த நாள்

ஜூன் 18, 2024
வெள்ளிமலை கால்நடை மருந்தகத்தில் சேர்ந்து இது மூன்றாவது வாரம். இன்றைக்கும் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்றார். நான்தான் டாக்டர் என்றேன். காளைக்குப் பார்க்கணும், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். பசுவுக்கும் கோழிக்கும் நான் போதும். காளை, கிடா என்றால் என் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். உதவியாளர் கலையரசன் அண்ணனைத் தனியே கூட்டிப்போய்க் காதில் சொல்கிறார்கள். அதை எனக்குச் சொல்ல அவருக்கும் கூச்சம்!

ஜூன் 25
மழை. கரண்ட் இல்லை. ஒரே ஒரு கோழி வந்தது.

ஜூலை 3
கரியாலூர் பக்கத்திலிருந்து செல்லமுத்து என்பவர் வந்தார். வெள்ளாட்டுக் கிடாவுக்கு வயிறு உப்பலாம், தின்னவில்லையாம். புழுக்கை போடுகிறதா என்றேன். போடுதுங்க என்றார். வேறு எதுவும்? தரையைப் பார்த்துக்கொண்டே, இல்லீங்க. உப்புசத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன். நாளைக்குக் கட்டாயம் கிடாவைக் கொண்டு வாருங்கள் என்றும் சொன்னேன். ஏதோ மறைக்கிறாரோ?

ஜூலை 4
காலையில் ஜீப் வந்து நின்றது. கிடாவை மடியில் சாய்த்துக்கொண்டு செல்லமுத்துவின் மனைவி ஆண்டாள் அக்கா, பக்கத்தில் செல்லமுத்து. இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.
"அதுக்கு மூத்திரமே வர்ல டாக்டரம்மா. முந்தாநாள்லேர்ந்து முக்கிக்கினே இருக்குது. பொம்பளை டாக்டர்கிட்ட எப்டி சொல்றதுன்னு இந்த மனுசன் வவுறுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."
மூத்திரப்பை வெடித்துவிட்டால் அவ்வளவுதான். கிடாவின் பெயர் மைனர். சுற்றுவட்டாரப் பெட்டைகளுக்கெல்லாம் அவன்தான். கலையரசன் அண்ணன் அவனைப் பின்புறமாக உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டேன். கிடாவின் குறி உள்ளே பாம்பு போல் வளைந்து மடிந்து கிடக்கும். விரலால் தேடி, நிமிர்த்தி, வெளியே எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. நுனியில் புழு மாதிரி ஒரு மெல்லிய குழல் உண்டு. அது கறுத்து வீங்கியிருந்தது. அமுக்கினால் உள்ளே மணல் நெறுநெறுத்தது. மக்காச்சோளமும் ரேஷன் அரிசியுமாகத் தின்று வளர்ந்த செல்லப்பிள்ளை. கல் கட்டாமல் என்ன செய்யும்?
நுனியை வெட்ட வேண்டும் என்றேன். செல்லமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
"வெட்னா அப்புறம் பெட்டைக்கு ஆவுமா?" என்றார் ஆண்டாள் அக்கா.
பெரும்பாலும் ஆகும் என்றேன்.
"அப்ப வெட்டுங்க."
வெட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே — ஐயோ, தப்பு பண்ணிட்டனா? அப்புறம் ஒரு சொட்டு, இளஞ்சிவப்பாக. இன்னொன்று. பிறகு பீய்ச்சி அடித்தது பாருங்கள், என் சுடிதார், அண்ணன் சட்டை, எல்லாம் நனைந்தது. யாரும் நகரவில்லை. ஆண்டாள் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.
அம்மாவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். "சோறு துன்னுக்கினு இருக்கேன்டி நான்சி," என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அதுக்கு வலிச்சிருக்குமா என்று கேட்டாள்.

ஜூலை 7
மறுபடி கல் கட்டாமலிருக்க நவச்சாரம் கரைத்து ஊற்றுகிறார்கள். மக்காச்சோளம் கிடையாது. தழையும் தண்ணீரும்தான். நன்றாகப் பெய்கிறானாம்.

ஜூலை 21
டீக்கடையில் கேலியாம், நுனி போன கிடா எதற்கு ஆகும் என்று. கள்ளக்குறிச்சி கறிக்கடை ரபீக் பாய் வந்து விலை கேட்டிருக்கிறார். விற்றுவிடலாம் என்று செல்லமுத்து; மாட்டேன் என்று ஆண்டாள் அக்கா. நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். குட்டிக்கு வேண்டியது ஊறுவது விதையில், அந்தக் குழல் கடைசியில் தெளித்துவிடுவதற்குத்தான், விதை இரண்டும் நன்றாக இருக்கிறது என்று பட்டவர்த்தனமாகச் சொன்னேன். செல்லமுத்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
"ரெண்டுமே நல்லா இருக்குதுங்களா?"
தொட்டுப் பாருங்கள் என்றேன். பார்த்தார். விற்கவில்லை.
தைரியமாகத்தான் பேசினேன். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. மைனர் என்ன சொல்வானோ?

ஆகஸ்ட் 14
பெட்டைகள் பருவத்துக்கு வந்திருக்கின்றன. மைனர் வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று போன்.

செப்டம்பர் 10
எந்தப் பெட்டையும் மறுபடி பருவத்துக்குக் கத்தவில்லை. சினைதான் போலிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஒரு லட்டு வாங்கித் தின்றேன்.

ஜனவரி 13, 2025
பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்பிப் பையோடு நின்றபோது ஆண்டாள் அக்காவின் போன். முதல் பெட்டை ஈன்றுவிட்டது, இரட்டைக் குட்டி. போகாமல் இருக்க முடியுமா? பட்டி வாசலில் நல்ல கூட்டம். நடுவில் செல்லமுத்து, சுண்டுவிரல் நுனியைப் பிடித்துக் காட்டி, எங்கே கல் அடைத்தது, டாக்டரம்மா எங்கே வெட்டினார் என்று பெண்களும் நிற்கிற கூட்டத்தில் உரக்க விளக்கிக்கொண்டிருந்தார். குட்டிகளைத் துடைத்துப் பாலுக்கு விட்டேன். எழுந்திருப்பதற்குள் ஒருவர் கேட்டார்.
"எங்க காளைக்கு ஒருபக்க விதை வீங்கிக்கினு இருக்குது டாக்டரம்மா. வந்து பாக்கறீங்களா?"
பஸ் போய்விட்டது. எங்கேடி இருக்கே என்று அம்மா போனில் கேட்டாள். காளைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.