மூன்றாம் நிமிடத்தில் கொலை

நாகல் நகர், திண்டுக்கல்
7.1.2024

அன்புள்ள கிளாரா,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பாதிப் பொய். சளி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் உன் சிறுமலை தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற மலைக்குத் தபால் போட்டுவிட்டு, அது ஊரெல்லாம் சுற்றி மேலே ஏறும்வரை காத்திருக்கிறேன். நவதுறவு இல்லத்தில் போன் கூடாதாம். பார்வை நாளில் வீட்டார் மட்டும்தானாம். கன்னியாஸ்திரீ ஆவதற்கு முன்பே போன நூற்றாண்டுக்குப் போய்விட்டாய்.

என் வேலை பற்றிக் கேட்டிருந்தாய். அதே ஆடியோ சேனல்தான். வாரத்துக்கு ஓர் உண்மைக் கொலை. நானே எழுதி நானே பேசுகிறேன். முதலாளி பிரபு அண்ணனுக்கு ஒரே சட்டம்: "பவித்ரா, மூணாவது நிமிஷத்துல கொலை விழுந்திரணும். இல்லேன்னா கேக்குறவன் ஓடிப் போயிருவான்."

சினிமாவில் கொலைகாரன் சதுரங்கம் ஆடுகிறான், பிணத்துக்குப் பக்கத்தில் விடுகதை எழுதி வைக்கிறான். நான் படிக்கிற வழக்குகளில் அப்படி ஒருத்தனும் இல்லை. வரப்பு, குடி, சாதி, சந்தேகம். மூளைக்கு வேலையே கிடையாது, அரிவாளுக்குத்தான் வேலை. போன வாரம் சாதிக்காகத் தங்கையைக் கொன்றவன் கதை. 'காதல் விபரீதம்' என்று தலைப்பு வைக்கச் சொன்னார் அண்ணன். சண்டை போட்டேன். அவர்தான் ஜெயித்தார். எந்தக் கதையிலும் கொன்றவனுக்குச் சின்ன வயதுக் கதை உண்டு, அடித்த அப்பா உண்டு, அழுகை உண்டு. செத்தவளுக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ.

யார் கேட்கிறார்கள் தெரியுமா? பெண்கள்தான். எதிர்வீட்டு ஜக்கம்மாள் அத்தை வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறார். என்னைக் கண்டால், "ஏத்தா, இந்த வாரம் யாரைக் கொல்லப் போற?" என்கிறார்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது. அது ஏன் என்று புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அக்கா மகள் ஜோஸ்பினுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டது. இன்னும் அவளை 'மொச்சை' என்றுதான் கூப்பிடுகிறோம், கோபித்துக்கொள்கிறாள். அவளுக்குத் தன் அம்மாவின், நம் ஐரின் அக்காவின் அதே நெற்றி.

எழுது.

பவி


சிறுமலை
28.1.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு பவி,

உன் கடிதத்தை, எங்களுக்குப் பயிற்சி தருகிற மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அது இங்கே வழக்கம். "உன் சிநேகிதி நல்லா எழுதுறா, ஆனா ரத்தம் ஜாஸ்தி" என்றார்.

ஆனால் இங்கேயும் கொலைக்கதைதான், பவி. சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. ஒருத்தி நின்று புனிதர் வரலாறு வாசிப்பாள். இந்த மாதம் முழுக்க வேதசாட்சிகள். ஒருவரை நெருப்பின் மேல் கம்பிக் கட்டிலில் கிடத்தி வாட்டுகிறார்கள், நாங்கள் ரசம் ஊற்றிக்கொள்கிறோம். ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் வாள் இறங்குகிறது, என் பக்கத்தில் ஒருத்தி அப்பளம் நொறுக்குகிறாள். முதலில் தட்டைத் தள்ளி வைத்தேன். இப்போது நேற்று விட்ட இடத்திலிருந்து எப்போது தொடங்குவார்கள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மறைத்து வைத்துப் படித்த துப்பறியும் நாவல்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்கலாமா?

ஒரு வித்தியாசம் உண்டு. இதில் கொன்றவனுக்குப் பெயர் கிடையாது. 'சேவகன்' அவ்வளவுதான். செத்தவளுக்குத்தான் பெயர், பேச்சு, கடைசி வார்த்தை எல்லாம்.

ஐரின் அக்காவுக்கு அப்படி யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆறு வருடமாக ஊர் வாசிப்பது வேறு. "போன்ல யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருப்பாளாம்." அவள் பேசியது என்னோடுதான். அவளைக் கொன்ற புருஷன் ஆண்டனிராஜ் மாமா சந்தேகத்தின் பலனில் விடுதலையாகி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்து, மறு கல்யாணமும் செய்துகொண்டார். பார், இன்னும் 'மாமா' என்றுதான் கை எழுதுகிறது. மொச்சைக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது, அம்மா காய்ச்சலில் செத்தாள், அப்பா வெளிநாட்டில் என்று.

தவக்காலம் வருகிறது. தோட்டத்தில் மிளகு பறிப்பும் சேர்ந்துகொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள். கஷாயம் குடி.

கிளாரா


நாகல் நகர்
11.2.2024

அன்புள்ள கிளாரா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் இத்தனை நாள் தேடியதை நீ ரசம் ஊற்றிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாய்.

ஐரின் அக்காவின் கதையை நான் சொல்கிறேன். வேதசாட்சிக்குச் சொல்வதுபோல. கொன்றவனுக்குப் பெயர் இருக்காது, சின்ன வயது இருக்காது. அக்கா இருப்பாள். தையல் மிஷினில் உட்கார்ந்து நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா. அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவர்கள் இருப்பார்கள். "புருசன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்று நினைத்து, போலீசில் ஒரு மாதிரியும் கோர்ட்டில் ஒரு மாதிரியும் சொன்னவர்கள் இருப்பார்கள். பேரம் பேச வந்த பெரிய மனிதர்கள் இருப்பார்கள். ஊரை ஆயக்குடி என்று மாற்றி, வீட்டைச் சுற்றிக் கொய்யாத் தோப்பு வைத்துவிடுகிறேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன்.

உன் அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போய் நின்றால் காப்பியைக் கொடுத்து என் வாயை அடைத்துவிடுவார். நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு வரி போதும், தொடவே மாட்டேன். இந்த மாதக் கடைசிவரை பார்க்கிறேன். பதில் வரவில்லை என்றால் சரி என்று எடுத்துக்கொள்வேன். 'சரி' என்று கைப்பட எழுதுவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா?

பவி


நாகல் நகர்
12.3.2024

அன்புள்ள கிளாரா,

நீ எழுதவில்லை. புரிந்துகொண்டேன். நன்றி.

சனிக்கிழமை வெளியிட்டோம். மூன்றாம் நிமிடத்தில் கொலை விழவில்லை. பத்து நிமிடம் அக்கா உயிரோடு இருக்கிறாள், தைக்கிறாள், சிரிக்கிறாள். பிரபு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எங்கள் சேனலில் இவ்வளவு பேர் கேட்டது இதைத்தான்.

ஒன்று சேர்த்தேன். கடைசி வார்த்தை வேண்டுமே. சாகும்போது, பக்கத்து அறையில் தூங்குகிற மகளைக் கூப்பிடுகிறாள். "மொச்சை... மொச்சை..." மற்ற எல்லாப் பெயரையும் மாற்றினேன், இதை மட்டும் மாற்றவில்லை. வேறு எதைப் போட்டாலும் அந்த இடத்தில் பொய்யாக ஒலித்தது. சொல்லும்போது அழுதுவிட்டேன். ஒலிப்பதிவு செய்கிற மைதீன் பிச்சை, "வெட்டிரவாக்கா?" என்றான். "இருக்கட்டும்" என்றேன்.

கீழே வந்த கருத்துகளைச் சொல்கிறேன், கேள். 'பொண்ணு மேலயும் தப்பு இருக்கும்ல.' 'மியூசிக் சூப்பர்.' 'அடுத்த பாகம் எப்போ?' ஒரு பெண் மட்டும், 'எங்க பக்கத்து வீட்டுல தெனமும் சத்தம் கேக்குது, நாளைக்குப் போய்க் கதவத் தட்டுவேன்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒருத்திக்காகச் சொன்னேனா, இல்லை அந்தக் கூட்டத்துக்காகவா? யோசித்தால் குழப்பமாக இருக்கிறது.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். அம்மா நிலைப்படியை விட்டு நகரவில்லை. "மொச்சைக்கு ஒடம்பு சரியில்ல. பெறகு வா." காப்பி கூடக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று? உனக்குத் தெரியுமா?

பவி


சிறுமலை
2.4.2024

பவி,

தவக்காலம் முழுக்க, சாம்பல் புதன் முதல் ஈஸ்டர்வரை, எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. வருவதையெல்லாம் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தப்பு என்னுடையது.

ஈஸ்டர் அன்று, ஒரு துண்டு கேக்கோடு உன் இரண்டு கடிதங்களும் என் கைக்கு வந்தன. முதலாவதைப் படித்து, வேண்டாம் பவி, வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பிரித்தேன்.

மறுநாள் பார்வை நாள். அம்மா மட்டும் வந்தார். "பவி கதை சொல்றான்னுதான்டி போனக் குடுத்தேன். காக்கா கத, நரி கதன்னு நெனச்சேன்" என்று அழுதார். உன் குரல் என்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர், உனக்கே தெரியும். தைக்கிற அம்மா, மொச்சை என்ற பெயர், உன் குரல். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முழுவதையும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"அம்மாச்சி, அம்மா கூப்பிட்டப்ப நான் ஏன் எந்திரிக்கல?"

இப்போது தூங்க மாட்டேன் என்கிறாளாம். படுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமாம்.

அந்த வீட்டில் அக்கா என்ன சொன்னாள் என்று உனக்கு யார் சொன்னது? செத்தவள் வாயில் வார்த்தை வைக்க யாரிடம் உத்தரவு வாங்கினாய்? கொலைகாரனிடமிருந்து கதையைப் பிடுங்கி அக்காவிடம் கொடுக்கிறேன் என்று, பிள்ளையின் தலையில் இறக்கிவிட்டாய்.

கோபம்தானா இது என்று எனக்கே தெரியவில்லை. அக்காவைத் தப்பாகப் பேசாமல் ஒருத்தியாவது பேசினாளே என்றும் இருக்கிறது. அப்படித் தோன்றும்போது என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நீ போ. அது நீ எழுதியது என்று உன் வாயால் அவளிடம் சொல்.

கிளாரா


நாகல் நகர்
7.4.2024

அன்புள்ள கிளாரா,

அந்தக் கதையைச் சேனலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்தார்கள். அதற்குள் யார் யாரோ வெட்டித் துண்டு துண்டாகப் போட்டுவிட்டார்கள், அழுகிற இடத்தை மட்டும்.

இன்று காலை பூசை முடிந்து அவர்கள் வந்ததும் போனேன். அம்மா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மொச்சை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"மொச்சை, அது நான் எழுதுன கதைடா. ஒங்கம்மா அப்படிக் கூப்பிடல."

"நீ அங்க இருந்தியா, பவி சித்தி?"

"இல்ல."

"அப்ப கூப்பிடலன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா. தெரியாமத்தான் எழுதிட்டேன். தப்பு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"கதையில சொல்றப்ப நீ அழுத. இப்ப அழுகல. இப்பத்தான் பொய் சொல்ற."

அப்போது நான் அழப் பார்த்தேன், கிளாரா. நம்ப வைப்பதற்காக. வரவில்லை.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை. வெள்ளிக்கிழமையும் ஒரு கொலை சொன்னேன். அதில் நான் சேர்த்தது ஒன்றும் இல்லை, போலீஸ் சொன்னதை மட்டும் சொன்னேன். கேட்டுப் பார்த்தால் அது கொன்றவன் பக்கக் கதையாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால் அவன் கதை, செத்தவள் கதையைச் சொன்னால் பொய். எனக்கு இதற்கு மேல் விளங்கவில்லை.

நீ சொன்னால் நம்புவாள். ஒரு நாள் கீழே வர முடியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன். உன் அம்மா என்னை அடித்தாலும் சரி.

பவி


சிறுமலை
15.4.2024

அன்பு பவி,

ஒரு நாள் உத்தரவு கிடைத்திருக்கிறது. வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. வீட்டுக்கும் வராதே. எனக்கு எழுதவும் வேண்டாம். தவக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் உன் எழுத்தைப் பார்த்தால் பிரிப்பேனா என்று தெரியவில்லை.

மொச்சையிடம் என்ன சொல்வாய் என்று மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கேட்டார். அக்கா கூப்பிடவில்லை என்று சொன்னால் நானும் உன்னைப் போலத்தான், அங்கே இல்லாமலே சொல்கிறேன். தெரியாது என்று சொன்னால் பிள்ளை தூங்காது. முதல் நாளிலிருந்து காய்ச்சல் என்று சொன்ன வாயும் என் வாய்தான். ஒருவேளை அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அவளைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்புவேன்.

உன் கதையை நான் கேட்டதில்லை. இங்கே கேட்க வழியும் இல்லை. உன் கடிதத்தில் படித்ததோடு சரி. ஆனாலும் செபத்தில் கண்ணை மூடினால் ஐரின் அக்கா மொச்சையைக் கூப்பிடுகிறாள், பவி. அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வர மறுக்கிறது. உன் குரலில்தான் கூப்பிடுகிறாள்.

கிளாரா