‘வு’ விடுபட்ட துணிவு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

பஸ் நேரத்துக்கு வந்தது. உட்கார இடமும் இருந்தது. ஆமத்தூரில் இதைவிட நல்ல திங்கட்கிழமை கிடையாது.

அச்சகத்தில் புது வேலை. கல்லூரிப் பிள்ளைகளுக்கான கைடு. ஓர் அமெரிக்க நாவலுக்குத் தமிழ் விளக்கம். எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மூன்று பெரிய பாடங்கள்: இனவெறி, துணிவு, குறியீடு. தீபாவளிப் பட்டாசு லேபிள் சீசனுக்கு நடுவில் இது வேறா என்று முதலாளி அலுத்துக்கொண்டார். பாண்டிச்செல்வம் என்பது பெயர், எல்லாருக்கும் அண்ணாச்சி. “எழுத்துப்பிழை மட்டும் பாருங்க ஜெயக்கொடி. கதைக்குள்ள போயிராதீக” என்றார்.

என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

6 ஆகஸ்ட், புதன்

டைப் அடித்தவர் ‘துணிவு’ பாடத்தில் ‘வு’வை விட்டுவிட்டார். ஓரிடத்தில் இல்லை, முப்பத்தோர் இடத்தில். ‘வக்கீலின் துணி ஊராரை வியக்க வைத்தது.’ ‘உண்மையான துணி என்பது வெளியே தெரிவதல்ல.’

வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் இன்பராஜ் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்த அலுப்பிலும் விழுந்து விழுந்து சிரித்தார். “பனியனைச் சொல்லுதாரு போல” என்றார். நர்ஸ் வேலை பார்க்கிற மனிதருக்கு இலக்கிய ரசனை இவ்வளவுதான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கதைக்குள் போய்விட்டேன். நேற்று விருதுநகர் நூலகத்தில் அந்த நாவலே கிடைத்தது. காலை ஆராதனை முடிந்ததிலிருந்து அகராதியோடு உட்கார்ந்திருக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்ட ஒரு கறுப்பின மனிதர். அவருக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீல். எதிரே ஊர் முழுதும். சோறு குழைந்துவிட்டது. இன்பராஜ் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இதுவும் ஒருவகைத் துணிவு.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இனவெறிப் பாடத்தின் கடைசி வரி: ‘நம் நாட்டில் இத்தகைய பாகுபாடுகள் இல்லை.’

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, “புரபசர் எழுதுனத நீங்க ஏன் கேக்கீக?” என்றார்.

நிமிர்ந்தபோது சன்னல் வழியே அய்யம்மாக்கா தெரிந்தார். தூக்குச்சட்டியோடு வெளியே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அச்சகத்தைப் பெருக்கித் துடைப்பவர். நாங்கள் எல்லாரும் உள்ளேதான் சாப்பிடுகிறோம். அவர் மட்டும் வெளியே. நான் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, “அங்கன காத்தோட்டமா இருக்கும்னு உக்காருது” என்று அண்ணாச்சி சொன்னார். ஆறு வருடமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நம்பினேனா? இல்லை, நம்புவது வசதியாக இருந்ததா?

14 ஆகஸ்ட், வியாழன்

என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். “இங்கன காத்து நல்லா வரும்னு சொன்னாங்க” என்றேன்.

“காத்தா? தகரம் டீச்சர். வெந்து சாகுறேன்.”

சிவப்புப் பேனா வைத்திருப்பதால் அவருக்கு நான் டீச்சர். சாப்பிட்டபடி நாவலின் கதையைச் சொன்னேன். வக்கீல் பேசுகிற இடத்தை நன்றாகவே சொன்னேன் என்று நினைப்பு. அவர் மோர்மிளகாயைக் கடித்தபடி கேட்டுவிட்டு, “அந்தக் கறுப்பு மனுசனுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?” என்றார்.

“இருந்தாங்க.”

“அவ என்ன பேசுனா?”

யோசித்துப் பார்த்தேன். அதிகம் பேசவில்லை.

“அப்ப அந்த மனுசன்?”

“கோர்ட்ல கேட்டதுக்குப் பதில் சொன்னாரு.”

“மாட்டுனவன் கதையில வக்கீலுதான் பேசிக்கிட்டே இருக்காராக்கும்” என்றார். கைடில் குறியீட்டுக்குப் பதினோரு பக்கம் இருக்கிறது. கள்ளமில்லாதவர்களுக்குப் பறவை அடையாளம் என்றேன். “பறவை பாவம்னு சொல்லுறதுக்கு ஒரு புத்தகமா?” என்று சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

பேராசிரியரிடம் இந்தக் கேள்விகள் இல்லை. முக்கிய வினாக்கள் பகுதியில் சேர்க்கலாம்.

18 ஆகஸ்ட், திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் போர்மேன் ஊர்க்காவலன் தன் தண்ணீர் கேனைச் சங்குச்சக்கர லேபிள் பண்டல் மேல் வைத்துவிட்டுப் போன் பேசினார். கேன் சரிந்தது. பண்டல் நனைந்தது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு அதைச் சுவரோரம் தள்ளிவிட்டார். நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். மெஷின் ஓட்டுகிற செல்லப்பாண்டியும் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் அண்ணாச்சி நனைந்த பண்டலைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார். “அய்யம்மா வாளியக் கவுத்திருப்பா” என்றார் ஊர்க்காவலன். அவ்வளவுதான். ஒருத்தர்கூட ஏன், எப்போ என்று கேட்கவில்லை. சொன்ன உடனே எல்லாருக்கும் அது உண்மையாகிவிட்டது.

“நான் அந்தப் பக்கமே போகல அண்ணாச்சி.”

“எதுத்துப் பேசுறியா? நாளையில இருந்து வராத.”

அய்யம்மாக்கா போகும்போது என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? குனிந்து ‘துணி’யைத் ‘துணிவு’ ஆக்கிக்கொண்டிருந்தேன். சீ.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் பேசவில்லை. ஊர்க்காவலன் அண்ணாச்சிக்கு மச்சினன். எனக்குத் தலைவலி. பேசாததற்குக் காரணம் இரண்டும் சேர்ந்துதான்.

20 ஆகஸ்ட், புதன்

காலை டீ வந்த நேரம், எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “அண்ணாச்சி, பண்டல நனைச்சது அய்யம்மாக்கா இல்ல. ஊர்க்காவலனோட கேன். நான் பாத்தேன்.”

“மேடத்துக்குக் கண்ணாடி மாத்தணும்” என்றார் ஊர்க்காவலன். இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லப்பாண்டி மெஷினைத் துடைத்தார், துடைத்த இடத்தையே. அண்ணாச்சி டீயைக் குடித்துவிட்டு, “நீங்க போயி கைடைப் பாருங்க” என்றார்.

தோற்றேன். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை, மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையோடு சாயங்காலம் அய்யம்மாக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து காலனிக்கு எட்டு நிமிடம். ஆறு வருடத்தில் நடக்காத எட்டு நிமிடம்.

நடந்ததைச் சொன்னேன். கண் கலங்குவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“திங்கக்கெழமை பாத்தத புதங்கெழமை சொன்னீகளாக்கும்?”

“தப்புத்தான்க்கா. பயந்துட்டேன்.”

“சரி. அதையும் நான் இல்லாத நேரம் பாத்துச் சொல்லிருக்கீக. எனக்கு வாய் இல்லையா டீச்சர்? நாளைக்கு நான் வாரேன். நான் பேசுதேன். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்.”

கருப்பட்டிக் காப்பி தந்தார். குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் இன்பராஜ், “வக்கீலுக்கே டோஸ் விழுந்துருச்சா?” என்றார். இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் விசேஷத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையில் வந்திருந்தார். எனக்குத்தான் வியர்த்தது.

நேராக மெஷின் பக்கம் போய் நின்றார். “தம்பி ஊர்க்காவலா, கேன் யாரோடது? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

ஊர்க்காவலன் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். இன்று குரல் எனக்குக் கேட்டது. அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்தார். “சரி சரி. வந்துட்டேல்ல, வேலையப் பாரு.”

“பாக்குறேன் அண்ணாச்சி. அந்தத் தப்ப நான் செய்யலைன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. பெறகு பாக்குறேன்.”

அண்ணாச்சி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“மெஷின் சத்தத்துல கேக்கலையே.”

அப்போதுதான் அது நடந்தது. சீசன் நேரத்தில், லோடு பாதியில் இருக்கும்போது, செல்லப்பாண்டி மெஷினை நிறுத்தினார். சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, “நானும் பாத்தேன்” என்பதுபோல் நின்றார். அந்த அச்சகத்தில் பகலில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

“அய்யம்மா மேல தப்பு இல்ல” என்றார் அண்ணாச்சி. இந்த முறை வாசல் வரைக்கும் கேட்டது.

மத்தியானம் அய்யம்மாக்கா தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஒருவர் மட்டும் அவசர வேலை இருப்பதுபோல எழுந்து போனார். போகட்டும்.

23 ஆகஸ்ட், சனி

பேராசிரியருக்குப் போன் செய்து, இனவெறிப் பாடம் பக்கத்துக்குள் அடங்காமல் ஒரு வரி கூடுதலாகப் போகிறது என்றேன். “கடைசி வரியை எடுத்துருங்கம்மா, அது பரீட்சைக்கு வராது” என்றார்.

எடுத்துவிட்டேன். கர்த்தர் மன்னிப்பாராக. பக்கம் சரியாகத்தான் இருந்தது.

9 செப்டம்பர், செவ்வாய்

ஊர்க்காவலன் என்னோடு பேசுவதில்லை. அண்ணாச்சி வேலையை மட்டும் பேசுகிறார். அடுத்த கைடுக்கு என்னையே கூப்பிடுவாரா என்று தெரியவில்லை.

அய்யம்மாக்கா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். “பண்டல் கெடக்குற பக்கம் இனி நான் வரமாட்டேன். நாளைக்கு வேற ஏதாச்சும் நனைஞ்சா? அங்கன அவகவக பெருக்கிக்கிடட்டும்.” அண்ணாச்சி ஒரு வாரம் கேட்காததுபோல இருந்தார். குப்பை கணுக்கால் வரை வந்தது. இன்று ஊர்க்காவலன் துடைப்பத்தை எடுத்தார். பிடிக்கத் தெரியவில்லை, பாம்பு அடிப்பதுபோல இரண்டு வீச்சு வீசிவிட்டுச் சுவரில் சாத்தப் போனார்.

“தம்பி, மூலையில விட்டுட்டீகளே” என்றார் அய்யம்மாக்கா. கேலியாகக்கூட இல்லை, வேலை தெரிந்தவர் சொல்கிற குரல்.

ஊர்க்காவலன் திரும்பிப் போய் மூலையைப் பெருக்கினார்.