கேமரா விளக்கைப் பார்த்தவன்

ஜூன் 8, ஞாயிறு

வெயில் ஜாஸ்தி. சவரம், சட்டை இஸ்திரி, லேப்டாப் சார்ஜ். வீடியோவில் பெண் பார்த்தல். பிடிக்காமல் போனால் பெண் வீட்டு வாலாஜாபேட்டைக்காரர்களுக்குத் தலைகுனிவு வேண்டாமாம், அதனால் முதலில் இப்படி.

பேர் நிவேதா. பள்ளி ஆசிரியை. தோல் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் வீடியோவில் பேசுகிற பழக்கத்திலேயே பேசினேன். மேனேஜர் பாய் சொல்லிக்கொடுத்த வித்தை: "ஸ்கிரீன்ல மூஞ்சியைப் பார்க்காதப்பா. மேல கேமரா லைட் எரியுதில்ல, அதைப் பாரு. அப்பதான் அவங்க கண்ணைப் பார்க்கற மாதிரி தெரியும்." முழுக்க விளக்கையே பார்த்துத் தலையாட்டினேன்.

அக்கா: "நல்லா நேராப் பார்த்துப் பேசினடா." பெருமை தாங்கவில்லை.

மாலை போன். அவர்களுக்குச் சம்மதம்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். பூ, பழத்தட்டு. வாலாஜா போய் உறுதி செய்தோம்.

நிவேதா காபி நீட்டினாள். வலது கையில் விரலிலிருந்து முழங்கை வரை வெண்புள்ளி. என் கை தானாகப் பின்னால் போனது. காபி சட்டையில்.

மாடியில் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு வீடியோல அம்மா கையை மறைக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. அவங்க உள்ள போனப்ப கையைத் தூக்கிக் காட்டினேன். நீங்க முகம் சுளிக்காம, என் கண்ணையே பார்த்துத் தலையாட்டினீங்க. அதுக்குத்தான் சரின்னேன்."

"ஆமா" என்றேன். "காபி சுட்டுடுச்சி, அதான்." இரண்டும் பொய்.

ஜூன் 16, திங்கள்

புழுக்கம். கலர் சாம்பிள் அனுப்பவில்லை, பாயிடம் திட்டு.

தோலில் உண்ணி கடித்த வடுவைக்கூடக் கண்டுபிடித்து ரிஜெக்ட் போடுகிறவன் நான். அவள் தூக்கிக் காட்டிய கையைப் பார்க்கவில்லை. செய்யாத நல்லதுக்குப் பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கம்.

வெண்புள்ளி எனக்குப் பெரிய விஷயமில்லை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். கையை இழுத்தேனே.

ஜூன் 18, புதன்

மழை இல்லை. தண்ணீர் லாரியும் வரவில்லை.

மாலை நிவேதா வீடியோவில் வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் தடவையாக ஸ்கிரீனில் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குத்தி. புருவத்தில் சின்ன வெட்டு. வலது கையைக் கன்னத்தில் ஊன்றி, பள்ளிக்கூடக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சை நிறுத்தினாள். கையை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, குனிஞ்சே இருக்கீங்க? என்னைப் பார்க்கப் புடிக்கலையா?"

சட்டென்று மேலே கேமரா விளக்கைப் பார்த்தேன்.

"இப்ப சரி" என்றாள். சிரித்தாளா, தெரியவில்லை.