விட்டுப்போன ‘ப்’

குட்டிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பிள்ளைகள் எப்படி எழுதக் கற்கிறார்கள் என்ற என் ஆராய்ச்சி ஒருவழியாக முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரே பள்ளியில் இரண்டு ஏழாம் வகுப்புகள். ஒரு வகுப்பின் கட்டுரைகளில் வழக்கம்போல் சிவப்பு மையால் பிழை திருத்தினோம். மற்ற வகுப்பில் எதையும் திருத்தாமல், கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டோம். ஆண்டு முடிவில் இந்த வகுப்புதான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது. பிழைகளும் பாதியாகக் குறைந்திருந்தன. அரைப் பக்கம் தாண்டாத ஒருத்தி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்கல்ல மிஸ், அதான்."

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நீ எழுதினாய்: ‘அம்மா, நான் கல்யாணம் செய்துகொள்ள போகிறேன்.’ விட்டுப்போன ‘ப்’பைச் சிவப்பில் போட்டு, அந்தத் தாளையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. "அவ என்ன மார்க்குக்கா எழுதினா?" என்று உன் அப்பா அன்றைக்கே கத்தினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பென்சிலைத்தான் எடுத்திருக்கிறேன், பார்.

அப்புறம் என்ன ஆச்சு?

கேட்கத் தெரியாமல் போன
உன் அம்மா