துருவப் பயணியின் கல்லறையில் ஓர் இடம்

ஜனவரி 14

என் பெயர் ஸ்டெய்னார் ரூஸ்டாட். வயது ஐம்பது, நகராட்சியில் நில அளவையாளன். இந்த நாட்குறிப்பை ஒரே நோக்கத்துடன் தொடங்குகிறேன்: துருவப் பயணி தூர்லெய்வ் ரூஸ்டாட் எங்கள் இரத்த உறவினர் என்பதை ஐயமற நிறுவுதல். நவம்பரில் காலமான என் தந்தை ஆர்ன்ஃபின், தம் சாம்பலை அவருடைய கல்லறையில் வைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். இறந்து ஆறு மாதங்களுக்குள் கலசம் மண்ணுக்குள் சென்றுவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மே மாதம் எல்லை.

இதுவரை அழவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 22

கல்லறை அலுவலகப் பெண் சொன்னது: "அந்தக் கல்லறையோட உரிமை போர்கில் அம்மா பேர்ல இருக்கு. அவங்க சரின்னா சரி. சொந்தமா இல்லையான்னெல்லாம் நாங்க கேக்கிறதில்லீங்க."

நான் கேட்கிறேனே. உறவு உறுதிப்படாமல் இன்னொருவர் குழியில் தந்தையை எவ்வாறு இறக்குவது? போர்கில், தூர்லெய்வின் தம்பி பேத்தி. அவரிடம் ஆதாரத்தோடுதான் செல்வேன்.

பிப்ரவரி 9

தேவாலயப் பதிவேடுகளில் தந்தை, பாட்டனார், பூட்டனார் பேடர் வரை வரிசை தெளிவு. பேடரின் திருமணம் இருக்கிறது. ஞானஸ்நானம் இல்லை. ரூஸ்டாட் பண்ணையில் பிறந்த பிள்ளைகளிடையே அவர் பெயர் இல்லை. பக்கத்துத் தேவாலயப் பங்கின் பதிவேட்டிலும் இல்லை.

பிப்ரவரி 10

பனி. வாசல் வழியைச் சுத்தம் செய்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 2

ஞாயிறு, தாயார் வீட்டில் மதிய உணவு. பேடரைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னும் செத்தவங்களையேதான் தேடிட்டிருக்கியா? மீன் ஆறுது, சாப்பிடுடா."

"அப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சொன்னாரா! அறுபது வருஷமா அந்தத் துருவத்து மனுஷன் கூடத்தானே அவருக்குக் குடித்தனம். நான் சும்மா சமைச்சுப் போட வந்தவ."

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 21

ஆதாரமின்றியே போர்கிலிடம் சென்றேன். என் விதியை நானே மீறினேன். எண்பத்தாறு வயது, இன்னும் ரூஸ்டாட் பண்ணையிலேயே இருக்கிறார். காப்பி ஊற்றினார்; வாஃபிள் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்தார். பேடரின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அட, அந்தப் பையனா? கதியில்லாதவங்களைப் பண்ணைக்குப் பண்ணை முறை வச்சு அனுப்புவாங்களே, அப்படி வந்தவன் அவன். முறை முடிஞ்சது, இவன் போகலை. எங்க பண்ணையில இருந்தான், பண்ணைப் பேரையே வச்சுக்கிட்டான். ரத்தமாவது ஒண்ணாவது!"

"அப்பாவுக்கு இது..."

"நான்தானே சொன்னேன்! எத்தனையோ வருஷமாச்சு. 'அப்படியா'ன்னு தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். ஆனா அந்தக் கிறிஸ்துமஸுக்கும் கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு நிக்கிறார்! எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் போனதில்ல. துருவம் போன பெரியவர் வாயைத் திறந்தா வசவுதான். பெண்டாட்டியே பக்கத்துல கிடக்க மாட்டேன்னு அப்பன் ஆத்தாவோட போய்ப் படுத்துக்கிட்டா."

உடனே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் தெரிவித்துவிட்டார். "உங்க அப்பாவைக் கொண்டுவந்து வை. ஆசைப்பட்டவராவது பக்கத்துல இருக்கட்டும்."

பெயர் பண்ணைக்கு உரியது, இரத்தத்திற்கு அன்று. என் அலுவலில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! என் பெயரை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

மார்ச் 22

அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் — என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பள்ளியில் மாட்டியிருந்த தூர்லெய்வின் படத்தின் கீழே என்னை நிறுத்திப் புகைப்படம் எடுத்தாரே?

கோபமா இது? தெரியவில்லை. விறைத்த விரலைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டதுபோல. அடி தெரிகிறது, வலியைக் காணோம்.

ஏப்ரல் 11

முடிவு செய்துவிட்டேன். உண்மை அறிந்த பின்னும் அவர் விரும்பியது அந்த இடத்தையே. உரிமையாளரும் சம்மதித்துவிட்டார். தடை சொல்ல எனக்கு விதியேதும் இல்லை. மே ஆறாம் தேதி என்று அலுவலகத்தில் குறித்தாயிற்று.

ஏப்ரல் 20

ஈஸ்டர். தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று அஞ்சினேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடியே வாய்விட்டுச் சிரித்தார்.

"முறைப்பிச்சைக்கு வந்த பையனா! கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா ஆளுங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்களே, அப்ப தெரியாமப் போச்சே!"

பிறகு, பழத்திலிருந்து கண் எடுக்காமல்: "அந்தக் குழியில இன்னும் எத்தனை பேருக்கு இடமிருக்கு?"

"ஒரே ஒரு கலசத்துக்கு."

"சரி. அப்ப என்னை எங்க போடுவே?"



"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ கேட்டியா? அவர்தான் கேட்டாரா? போனவன் வந்தவனையெல்லாம் கேட்டே. நான் இங்கதானேடா உட்கார்ந்திருக்கேன்."

பாதிப் பழத்தை என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன். காரில் ஏறிய பிறகு வெகுநேரம் வண்டியை எடுக்க முடியவில்லை. ஏன் என்று அளந்து எழுத வரவில்லை. அழுதேன்.

ஏப்ரல் 21

விடுமுறை, அலுவலகம் இல்லை. அம்மாவுக்குத் தொலைபேசி செய்து, உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டேன்.

"வலது பக்கம். இத்தனை வருஷம் வேற எங்க படுத்தேன்?"

தந்தை எழுதிவைத்ததை மீறுகிறேன், அறிந்தே செய்கிறேன். நாளை அலுவலகம் திறந்ததும் அந்தத் தேதியை நீக்கச் சொல்வேன். இருவருக்கு இடமுள்ள புதிய கல்லறைக்கு விண்ணப்பிப்பேன். போர்கிலிடம் நேரில் சென்று நன்றி சொல்லி, வேண்டாம் என்பேன். கலசத்தை நானே சுமந்து சென்று இடப்புறத்தில் இறக்குவேன்.