பங்கரின் நாலாவது மூவ்

கேமில் நம்பர் போட்ட ஸ்டாட்ஸ் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் சண்டைக்குக் கிளம்பும் என் அருமை மாப்பிள்ளை தனசேகருக்கு,

உன் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது. வடை, பாயசம், கூடவே உனக்குப் பிடிக்காத சேப்பங்கிழங்கு வறுவல், எல்லாம் வைத்துப் படைத்தோம். அன்றைக்கே உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்று வாய் துறுதுறுத்தது. ஐயர் இருந்தார், உன் அப்பா இருந்தார். எல்லார் நடுவிலும் பங்கரைப் பற்றிப் பேச முடியுமா?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பங்கர் மனிதன் இல்லை. ஆமை மாதிரி முதுகில் ஓடு சுமக்கும் ஒரு பூதம். என் மாப்பிள்ளையிடம் இருந்த கையடக்க கேமில், பூதங்களைப் பிடித்து வளர்த்து, மூவ் என்கிற சண்டை வித்தைகளைக் கற்றுக்கொடுத்து மோதவிட வேண்டும். வேலை பார்த்த மைன்ஸில் நிலக்கரியைக் கொட்டி வைக்கிற பங்கரின் பெயரை அதற்குச் சூட்டியவர் இவர்தான். "எவ்ளோ கொட்டினாலும் வாங்கிக்கும் மச்சான்" என்று காரணம் வேறு சொன்னார்.

பெயர் வைத்ததில் நீ கெட்டிக்காரன்தான் மாப்ள. மூவ் தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விட்டாய். ஒரு பூதத்துக்கு நாலு மூவ்தான் இடம். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை மறக்கடிக்க வேண்டும். அந்த நாலில் ஒன்றாக நெருப்பு மூச்சைக் கொண்டுபோய் வைத்தாயே, என்ன சொல்ல உன்னை? நான் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய்க் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவன். எனக்கு வயிறு எரிந்தது.

"மூவோட பவரை மட்டும் பாத்தா ஆச்சா? அது ஸ்பெஷல் அட்டாக் நம்பரை வெச்சு அடிக்கிற மூவ். உன் ஆளுக்கு அந்த நம்பர் தரையில கெடக்கு. எதிரிக்கு வேர்க்கக்கூட வேர்க்காது" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"வுடு மச்சான். வாயத் தொறந்தா எப்பிடி எரியுது பாரு" என்றாய்.

நாலாவது இடத்தில் இருந்தது அதைவிடக் கொடுமை. குத்தாட்டம். பங்கர் பின்னங்காலில் எழுந்து நின்று இடுப்பை ஆட்டும், ஒரு மேளம் அடிக்கும், அவ்வளவுதான். எதிரிக்கு ஒரு கீறல் விழாது. கேம் கம்பெனிக்காரன் ஏதோ பண்டிகைக்கு இனாமாகக் கொடுத்த மூவ் அது. ஒரு தடவை அழித்தால் திரும்பக் கிடைக்காது. அழி என்று நானும் எத்தனையோ தரம் சொன்னேன். "அவனும் எவ்ளோ அடிதான் வாங்குவான்? கொஞ்சம் ஆடிக்கினு இருக்கட்டும்" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே உன் மகள் யாழினி உன் மடியில் வந்து விழுவாள்.

வீட்டுச் செய்தி உனக்குத் தெரிய வேண்டும். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகிவிட்டது. கலையும் யாழினியும் இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார்கள். என் தங்கை திடமானவள், எல்லா ஆபீஸுக்கும் அவளே போய் வந்தாள், யாரிடமும் கண் கலங்கவில்லை. ஆனால் உன் கேமின் சத்தம் மட்டும் அவளுக்கு ஆகவில்லை.

"அந்த மியூசிக் கேட்டா, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்திருக்கார்னு நெனச்சு டீ போடப் போயிடறேன்ணா" என்றாள். "ரூம்ல எட்டிப் பாத்தா இவ இருக்கா. என்னால தாங்க முடியல. முத்தாண்டிக்குப்பத்துல அவரோட சித்தி பேரன் ரொம்ப நாளா கேக்கறான். குடுத்துடலாம்னு இருக்கேன்."

யாழினி சோறு சாப்பிட மறுத்தாள். அன்றிலிருந்து சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத்தான் விளையாடினாள். பொங்கல் விடுமுறையில் டவுன்ஷிப் மன்றத்தில் இந்தக் கேமுக்கு ஒரு போட்டி நடக்கிறது, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று நான்தான் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கினேன். "போட்டி முடியற வரைக்கும்தான்" என்றாள் கலை. அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா?

உன் கேம் வீட்டைவிட்டுப் போகத்தான் போகிறது, போவதற்குள் பங்கர் ஒரு தடவையாவது உருப்படியாய்ச் சண்டை போடட்டும் என்று நினைத்தேன். நெருப்பு மூச்சை முதல் வேலையாகத் தூக்கினேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அடுத்துக் குத்தாட்டத்தை அழிக்கப் போனபோது யாழினி திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அதுல கை வெக்காதீங்க மாமா."

"அது ஒண்ணுத்துக்கும் ஆவாதுடி."

"அப்பா அதப் பாத்துதான் சிரிப்பாரு."

எனக்குக் கோபம் வந்தது.  எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். சரி, நாலாவது இடம் உன்னுடையது. மீதி மூன்றை வைத்து ஜெயிக்க முடியாவிட்டால் நான் என்ன கணக்கு வாத்தியார்?

நம்பர்களை எல்லாம் திரும்பப் பார்த்தேன். பங்கருக்கு உயிர் ஏராளம், வேகம் சுத்தமாக இல்லை. தற்காப்பு இரண்டு வகை. கடி, அடி, முட்டுக்கு ஒன்று, அது மலை மாதிரி. நெருப்பு, மின்னலுக்கு இன்னொன்று, அது படு பள்ளம். பயிற்சிப் புள்ளிகளை எல்லாம் நீ அட்டாக்கில் வீணடித்திருந்தாய். அவற்றைப் பிடுங்கி, மைன்ஸ் பள்ளத்தை மண் கொட்டி மேவுகிற மாதிரி அந்தப் பள்ளத்தில் கொட்டினேன். பிறகு மூன்று மூவ். நஞ்சுக்கடி, இது எதிரியின் உயிரைச் சுற்றுக்குச் சுற்று அதிகமாய் அரிக்கும். கவசம், இது ஒரு சுற்றுக்கு எந்த அடியையும் தடுக்கும். ஓய்வு, இது போன உயிரில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுக்கும். ஒரு கடி கடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டியது, விஷம் அதுபாட்டுக்கு வேலை செய்யும். அடிக்கவே தெரியாதவனுக்கு அடிக்காமல் ஜெயிக்கக் கற்றுக்கொடுத்தேன். எப்படி?

போட்டியில் யாழினி ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். கடைசி ஆட்டத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? உன் ஷிஃப்ட் கூட்டாளி பிரகாஷ். கேண்டீனில் உன்னைத் தோற்கடித்துத் தோற்கடித்தே வடை வாங்கித் தின்றவன். விட்டுக்கொடுத்து விளையாட அவனுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

இரண்டு பக்கமும் மற்ற பூதங்கள் எல்லாம் விழுந்து, பங்கரும் அவனுடைய மின்னல் கீரியும் மட்டும் மிஞ்சின. பங்கர் கடித்தான். விஷம் ஏறியது. கீரி பாய்ந்து பாய்ந்து மின்னலை இறக்கியது. இவள் கவசம் போட்டாள், ஓய்வு எடுத்தாள், மறுபடி கவசம் போட்டாள்.

"என்ன பாப்பா, பங்கர் தூங்கிக்கினே இருக்கான்?" என்றான் பிரகாஷ்.

பங்கருக்குப் பாதி உயிர்தான் இருந்தது. கீரிக்கு அதைவிடக் குறைவு. பின்னாலிருந்து நான் 'ஓய்வு, ஓய்வு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். உன் மகள் நிதானமாக நாலாவது பொத்தானை அழுத்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது மாப்ள.

கீரியின் மின்னல் இறங்கியது. பங்கரின் உயிர்க்கோடு சர்ரென்று குறைந்து சிவப்பில் நூலிழையாய் நின்றது. அந்த நிலையில் அவன் எழுந்தான். மன்றத்தின் பெரிய திரையில், பெரிய சத்தத்தோடு, மேளம் அடிக்க இடுப்பை ஆட்டினான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் விஷம் தன் பங்கை எடுத்தது, கீரி சாய்ந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"மின்னல் எவ்ளோ எடுக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டேன் மாமா. தாங்குவான்னு தெரியும்."

கணக்கு என்னுடையது, திமிர் உன்னுடையது. பிரகாஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது சேகரு ஆட்டம்டா" என்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டு யாழினிக்கு வடை வாங்கப் போனான்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். எங்களை அழைத்துப்போக வந்த கலை அங்கே நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. 

வீட்டுக்கு வந்ததும் யாழினி தானாகவே கேமைத் துடைத்து அம்மாவிடம் நீட்டினாள். வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே. கலை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். சார்ஜரைத்தான் தேடுகிறாள், பையில் போட்டு முத்தாண்டிக்குப்பத்துக்குக் கொடுத்தனுப்பப் போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்தா, இன்னொரு தடவை அவனை ஆட வை" என்றாள் மகளிடம். "சத்தத்தோட வை."

கேம் எங்கேயும் போகவில்லை மாப்ள. சாயங்காலம் அந்த மியூசிக் கேட்டதும் கலை இப்போதும் டீ போடுகிறாள். யாழினி டீ குடிக்கப் பழகிவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கும் போவோம், அடுத்த பொங்கலுக்கும் ஜெயிப்போம். பங்கரின் மூன்று மூவை நான் ஆயிரம் தரம் மாற்றுவேன், ஸ்டாட்ஸைக் கலைத்துக் கலைத்துப் போடுவேன், நீ கேட்க முடியாது. நாலாவது இடத்தில் மட்டும் என் உயிர் உள்ளவரை கை வைக்க மாட்டேன், வைக்கவும் விட மாட்டேன். அவன் ஆடிக்கினு இருக்கட்டும்.

உன் பெண்ணுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
குமரவேல்